தலைக்குறி வெட்டுப்பட்ட ராப்: ஒரு வியட்நாமியப் பாடல் தளத்தின் நிகழ்வு ஆய்வு

ஹனோயைச் சேர்ந்த மூன்று பேர் கொண்ட ராப் குழு ஒன்று, தன் இணையதளத்தைச் சீர்செய்து தரச் சொல்லி என்னிடம் வந்தது. சொந்தப் பாடல்கள், அவற்றின் முழு வரிகள், தங்களை உருவாக்கிய கலைஞர்களைப் பற்றிய நீண்ட பக்கம் ஒன்று, தளம் இவ்வளவுதான். முதலில் அதைக் கட்டிக்கொடுத்தவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கறுப்புப் பின்னணி, கனத்த எழுத்து, திரையின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலெழும் தலைப்புகள். வேகமாகத் திறந்தது, கைப்பேசியிலும் ஒழுங்காக நின்றது. இருந்தும் குழுவில் பாடல் எழுதுபவர் அந்தத் தளத்தை யாரிடமும் காட்டக் கூசினார். தம் பாட்டு அங்கே சுருதி விலகி ஒலிக்கிறது என்றார். ஒலிக்கோப்புகளில் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னது எழுத்தைப் பற்றி.

வியட்நாமிய இசைமீது எனக்குள்ள பற்று பழையது. இசையமைப்பாளர் ட்ரின் கொங் சொன்னின் பாடல்களைப் பாடகி கான் லியின் குரலில் கேட்டதில் தொடங்கியது. பிறகு சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) ராப் வந்து சேர்ந்தது. அது வந்தபின் மற்ற எதையும் அதிகம் கேட்கவில்லை. வடிவமைப்பு என் பிழைப்பு. இரண்டும் ஒரே வேலையில் வந்து நின்றதால், நடந்ததை விரிவாகவே பதிவு செய்கிறேன். வியட்நாமிய மொழியில் குரலின் ஏற்ற இறக்கம், அதாவது தொனி, மாறினால் சொல்லே மாறிவிடும்; அந்தத் தொனியை எழுத்தில் காட்டும் தொனிக்குறிதான் அதன் ராகம். ராப் பாட்டுக்கு வேறு ராகமே கிடையாது. ஆகவே குறியைச் சிதைக்கும் வடிவமைப்பு பாட்டைச் சிதைக்கிறது. இந்தத் தளத்தில் நேர்ந்த ஒவ்வொரு பழுதும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

குறி சுமக்கும் எழுத்து

இன்றைய வியட்நாமிய மொழி எழுதப்படும் குவொக் ஙு முறை லத்தீன் எழுத்துகளால் ஆனது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார்கள் காதால் கேட்டுக் கேட்டு வடித்தெடுத்தது. அவர்களில் ஒருவரான அலெக்ஸாந்தர் த ரோட் தொகுத்த அகராதி 1651இல் ரோமில் அச்சேறியது. மொத்தம் 29 எழுத்துகள், அவற்றில் 12 உயிர்கள். ஹனோய் வழக்கில் தொனிகள் ஆறு. சமமாக ஓடும் தொனிக்குக் குறி இல்லை. மற்ற ஐந்துக்கும் உண்டு: ஏறுதொனிக்கு வலப்பக்கம் உயரும் சாய்கோடு; இறங்குதொனிக்கு எதிர்த்திசைச் சாய்கோடு; தாழ்ந்து வளையும் தொனிக்கு ஒரு கொக்கி; தொண்டையில் ஒருகணம் முறிந்து மேலே போகும் தொனிக்கு அலைக்கோடு; கனத்துச் சட்டென நிற்கும் தொனிக்கு எழுத்தின் அடியில் ஒரு புள்ளி.

உயிர்களில் பாதி ஏற்கெனவே ஒரு குறியைச் சுமந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றுக்குத் தலையில் கூரை, ஒன்றுக்குக் கிண்ணம், இரண்டுக்குத் தோளில் கொம்பு. இவை உயிரின் ஒலியையே மாற்றுபவை. அடிப்புள்ளி தவிர மற்றத் தொனிக்குறிகள் இவற்றுக்கும் மேலே வந்து உட்காருகின்றன. 12 உயிர்கள், 6 தொனிகள், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் என்று பெருக்கினால் 144. அதில் குறியே இல்லாத சாதாரண லத்தீன் உயிர்கள் 12ஐக் கழித்து, குறுக்குக்கோடு போட்ட 'டி' எழுத்தின் இரு வடிவங்களைச் சேர்த்தால் 134.

இந்த 134 என்ற எண்தான் வியட்நாமியக் கணினி வரலாற்றை ஆட்டிப்படைத்தது. எழுத்துக்கு ஓர் எண் என்று ஒதுக்கும் பழைய எட்டு பிட் குறியாக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போக மீதமிருந்த இடங்கள் 128. 1990களின் தொடக்கத்தில் புலம்பெயர்ந்த வியட்நாமியத் தொழில்நுட்பர்கள் வகுத்த விஸ்கீ என்ற குறியாக்கம், மிஞ்சிய ஆறு எழுத்துகளைக் கட்டுப்பாட்டுக் குறிகளின் இடங்களில் குடியேற்றிச் சமாளித்தது. விஎன்ஐ, டிசிவிஎன் என்று வேறு முறைகளும் அதே காலத்தில் ஓடின. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை வேறொரு கணினியில் திறந்து திகைத்த தமிழர்களுக்கு இந்தக் கதையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் வியட்நாம் யூனிகோடின் அடிப்படையில் தேசியத் தரம் ஒன்றை வகுத்துக்கொண்டது. ஆனால் யூனிகோடு வந்த பிறகும் ஒரு பிரச்சினை உயிரோடு இருந்தது. இந்தத் தளத்தில் பெரிய சேதம் செய்ததும் அதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ராப்புக்கு ராகம் எங்கிருந்து வருகிறது

வியட்நாமிய மெல்லிசையில் இசையமைப்பாளர் மெட்டைச் சொல்லின் தொனிக்கு இணங்க வைக்க வேண்டும். ஏறுதொனிச் சொல்லை மெட்டு கீழே இழுத்தால் கேட்பவர் காதில் வேறு சொல் விழும். ட்ரின் கொங் சொன் (1939–2001) இதில் பெருங்கலைஞர். அவர் மெட்டுகள் பெரும்பாலும் சொல் தானாகப் போகும் வழியிலேயே போகின்றன. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையே இருக்கும் அந்த மிகக் குறுகிய இடைவெளிதான் முதன்முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது.

ராப்பில் அந்த இடைவெளியும் இல்லை. மெட்டு போட ஆள் கிடையாது. சொற்களின் தொனிகள் அடுத்தடுத்து வரும் வரிசையே ராகம். இதற்கு மரபு இல்லாமலும் இல்லை. ஆறும் எட்டுமாக அசைகள் மாறி வரும் லுக் பாட் யாப்பில், இரண்டாம், ஆறாம், எட்டாம் அசைகள் சமதொனி அல்லது இறங்குதொனி வகையில் இருக்க வேண்டும், நான்காம் அசை மற்ற நான்கு தொனிகளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. கவிஞர் நுயென் ஸூவின் 3,254 அடிக் காவியம் முழுவதும் இந்த யாப்பில்தான் நடக்கிறது. பாட்டியும் பேரனும் மனப்பாடமாகச் சொல்லும் யாப்பு அது. ஆகவே இன்றைய ராப்பர் தொனிகளை அடுக்கும்போது அவருடைய காது வெறுங்கையோடு வருவதில்லை.

இன்னொரு நுட்பம் தமிழருக்கு உடனே பிடிபடும். வியட்நாமிய மொழியில் வல்லொற்றில் முடியும் அசைகள் இரண்டே தொனிகளை ஏற்கும்: ஒன்று ஏறுதொனி, அல்லது அடிப்புள்ளித் தொனி. மூச்சு அங்கே அடைபட்டுவிடுவதால் வளைவதற்கு இடமில்லை. ராப்பர்களுக்கு இது கையில் கிடைத்த தாளக்கருவி. வல்லொற்றும் அடிப்புள்ளியும் சேர்ந்த அசைகளைத் தாளம் விழும் இடங்களில் வைத்தால், பின்னணியில் முரசை நிறுத்திவிட்டாலும் தாளம் நிற்காது. எதுகை விஷயத்திலும் அவர்கள் ஓரசையோடு திருப்தி அடைவதில்லை. இரண்டு, மூன்று அசைகள் தொடர்ந்து இயையும்படி வரிக்கு வரி கட்டுவதையே அங்கே திறமையின் அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

இந்தக் கலை வெகுகாலம் இணையத்தின் ஓரங்களில் வாழ்ந்தது. 2016 மே 25 அன்று ஹோ சி மின் நகரில் இளைஞர்களைச் சந்தித்த அமெரிக்க அதிபர் ஒபாமாவிடம் சைகோன் ராப்பர் சூபோய் எழுந்து கேள்வி கேட்டார். அவர் ராப் செய்கிறவர் என்று தெரிந்ததும் ஒபாமா தாமே வாயால் தாளம் போட்டுப் பாடச் சொன்னார். சூபோய் பாடினார், உலகம் கவனித்தது. 2020 ஆகஸ்டில் ராப் வியட், கிங் ஆஃப் ராப் என்ற இரண்டு தொலைக்காட்சிப் போட்டிகள் ஒரே மாதத்தில் தொடங்கின. ராப் வீட்டுக்கூடத்துக்குள் வந்தது அப்போதுதான். ராப் வியட் முதல் பருவத்தில் வாவி, கரிக், சூபோய், பின்ஸ் ஆகியோர் பயிற்றுநர்கள். வென்றவர் ஸே சுவாட். இவர்களுக்கு அப்பால், எந்தப் போட்டிப் பரபரப்பும் ஒட்டாத டென் வாவ் இருக்கிறார். ஹா லாங்கில் துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்தவர். அவர் சத்தம் போடுவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் சொல்லிக்கொண்டு போவார். அந்த அமைதிக்குள் தொனிகள் எவ்வளவு கவனமாக வைக்கப்பட்டிருக்கின்றன என்பது மெல்லத்தான் புலப்படும். என்னைக் கேட்டால் வியட்நாமிய ராப்பில் அவரே தலைசிறந்த எழுத்தாளர்.

பழுதுகள்

குழு தன் முன்னோடிகளைப் பற்றி எழுதிய பக்கத்தில் ஸே சுவாட் என்ற பெயர் திரை அகலத்துக்குப் பெரிய எழுத்துகளில் நின்றது. அந்தப் பெயரில் இரண்டு உயிர்கள் இரட்டைக் குறி சுமப்பவை. முதல் அசையில் கூரையும் அதன்மேல் ஏறுகோடும். இரண்டாம் அசையில் கிண்ணமும் அதன்மேல் ஏறுகோடும். இரண்டாவது அசை வல்லொற்றில் முடிகிறது என்பதால் அந்த ஏறுகோடு இலக்கணத்தின் கட்டாயமும் கூட. திரையில் பார்த்தால் இரண்டு கோடுகளும் இல்லை. கூரையின் அடிப்பாகமும் கிண்ணத்தின் ஒரு கீற்றும் மட்டும் மிஞ்சியிருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தலைப்பு ஒவ்வொன்றும் அடியிலிருந்து மேலெழ வேண்டும் என்பதற்காக, வரியளவே உயரமுள்ள பெட்டிக்குள் அதை அடைத்து, பெட்டிக்கு வெளியே போவதை மறைத்திருந்தார்கள். வரி உயரம் எழுத்தளவுக்குச் சமமாக, 1 என்று வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இது இறுக்கமாக, கம்பீரமாக நிற்கும். வியட்நாமியப் பெரிய எழுத்துக்குத் தலைக்குமேல் இன்னும் இரண்டு மாடிகள் உண்டு. அவை வெட்டுப்பட்டன.

இரண்டாவது பழுது எழுத்துருவில். தலைப்புக்குத் தேர்ந்தெடுத்த எழுத்துரு பார்வைக்கு முரட்டு அழகு. ஆனால் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டுமே முழுமையானது. கூரை போட்ட உயிர்கள் பிரெஞ்சிலும் உண்டு என்பதால் அவை இருந்தன. கொம்பு வைத்தவை, அடிப்புள்ளி வைத்தவை, இரட்டைக் குறி சுமப்பவை இல்லை. உலாவி என்ன செய்யும்? இல்லாத எழுத்தை மட்டும் கணினியிலுள்ள வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டிவிடும். ஒரே சொல்லுக்குள் மூன்று எழுத்து தடிப்பாகவும் நடுவே ஒன்று மெலிந்தும் நின்றது. ஒட்டப்பட்டவை பெரும்பாலும் உயிர்கள். தொனி வாழும் இடங்கள். பாட்டில் அழுத்தம் விழ வேண்டிய அசைகளே பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிந்தன. போதாக்குறைக்கு எழுத்து இடைவெளியைக் குறைத்திருந்ததால், கொம்புகள் பக்கத்து எழுத்தைக் குத்திக்கொண்டு நின்றன.

மூன்றாவதுதான் கொடுமை. பாடல் வரிகள் எழுத்தெழுத்தாக வந்து விழும் அசைவூட்டம் ஒன்று இருந்தது. சில பாடல்களில் அது சரியாக ஓடியது. சிலவற்றில் உயிரெழுத்து முதலில் வெறுந்தலையோடு வந்து நின்றது. ஒரு நொடிப் பகுதி கழித்துக் கூரை வந்தது. அதற்கும் பிறகு ஏறுகோடு வந்து பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்தது. வரி முழுவதும் இப்படியே. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, தொனியில்லாத சொற்கள் வரிசையாக வந்து நிற்பதும், ஆளில்லாக் குறிகள் பின்னால் அலைந்து வருவதும் துல்லியமாகத் தெரிந்தது. பாடல் எழுதியவர் சுருதி விலகுகிறது என்று சொன்னது எவ்வளவு சரி என்பதை அந்தத் திரையில்தான் உணர்ந்தேன்.

யூனிகோடு வந்தபின்னும் உயிரோடிருந்த பிரச்சினை என்று மேலே சொன்னது இதுதான். கூரையும் ஏறுகோடும் உள்ள ஓர் உயிரை யூனிகோடில் ஒரே குறியீடாகச் சேமிக்கலாம். அடியெழுத்து, கூரை, கோடு என்று மூன்று குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கூரையோடு கூடிய எழுத்து ஒன்று, தொனிக்குறி ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். விண்டோஸின் பழைய வியட்நாமிய விசைப்பலகை மூன்றாவது வழியில் எழுதும். மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். குழுவினர் மூவரும் வெவ்வேறு கருவிகளில் எழுதியதால் தரவில் மூன்று வகையும் கலந்து கிடந்தன. அசைவூட்ட நிரல் குறியீடு குறியீடாகப் பிரித்தது. ஒரே குறியீடாக இருந்த எழுத்துகள் பிழைத்தன, மற்றவை உடைந்தன. தமிழ்த் தலைப்புகளில் கொம்பும் காலும் மெய்யை விட்டுத் தனியே பறந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இது அதே நோய் என்பது விளங்கும்.

தேடலும் இதே காரணத்தால் முடங்கியிருந்தது. ஒரு வகையில் தட்டச்சு செய்து தேடினால் இன்னொரு வகையில் சேமிக்கப்பட்ட பாட்டு கிடைக்காது.

சீர்செய்தது

முதலில் தரவு. எல்லா வரிகளையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்கு மாற்றினோம். இனி சேரும் வரிகளும் சேமிக்கும் கணத்திலேயே அந்த வடிவத்துக்கு வரும்படி செய்தோம். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே ஒரு செயல்கூறு இருக்கிறது. ஒற்றை வரி வேலை. தேடலுக்குக் குறிகள் அனைத்தையும் களைந்த தனிப் பிரதி ஒன்றை வைத்தோம், ஏனென்றால் அவசரத்தில் தேடுகிறவர் குறி போடாமல்தான் தட்டுவார். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டென் வாவின் பெயர் குறுக்குக்கோடு போட்ட 'டி'யில் தொடங்குகிறது. அந்தக் கோடு யூனிகோடின் கணக்கில் பிரிக்கக்கூடிய குறி அல்ல. எழுத்தின் உடம்போடு ஒட்டியது. குறி களையும் வழக்கமான முறை அதைத் தொடாது. அதை மட்டும் தனியாகச் சொல்லி மாற்ற வேண்டும். நாட்டின் மிகப் பிரபலமான ராப்பர் ஒருவர் தேடலில் அகப்படாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

எழுத்துருவில் குழுவுக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம். அவர்களுக்கு அந்த முரட்டுத்தனம் வேண்டும். ஏற்கெனவே உள்ள எழுத்துருவில் குறிகளை நானே வரைந்து சேர்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மறுத்துவிட்டேன். குறியின் தடிப்பு, சாய்வு, உயிருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எல்லாம் எழுத்துரு வடிவமைப்பாளர் ஆண்டுக்கணக்கில் பழகும் வேலை. கூரையின் வலப்புறத்தில் ஏறுகோட்டைச் சாய்த்து வைப்பது வியட்நாமிய அச்சு வழக்கம். நேர் மேலே அடுக்கினால் உயரம் கூடி வரிகள் மோதும். வியட்நாமியர்கள் தங்கள் மொழிக்கென்றே வரைந்த பி வியட்நாம் ப்ரோ கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடல் வரிகளுக்கு அதைப் போட்டோம். தலைப்புக்கு, வியட்நாமிய எழுத்துகள் முழுமையாக உள்ள கனத்த குறுகிய எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்தோம். சோதனைக்கு நான் வைத்திருந்தது ஸே சுவாட் என்ற பெயர்தான். பெரிய எழுத்துகளில் அதைச் சரியாகக் காட்டாத எழுத்துருவை அப்போதே தள்ளிவிட்டோம்.

தலைப்பின் வரி உயரத்தை 1.3க்கு உயர்த்தினோம். மறைப்புப் பெட்டிக்குத் தலைப்பக்கம் இடம் கொடுத்து, அதே அளவை வெளி ஓரத்தில் கழித்ததால் தோற்றத்தின் இறுக்கம் பெரிதாகக் குலையவில்லை. இணைப்புகளின் அடிக்கோடு அடிப்புள்ளியைத் தொடாதபடி அதைச் சற்றுக் கீழே இறக்கினோம். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்ததை வியட்நாமியம் என்று மாற்றினோம். திரைவாசிப்பான்கள் இப்போதுதான் வரிகளைச் சரியாக ஒலிக்கின்றன.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது அசைவூட்டம். எழுத்தெழுத்தாக வருவதை முற்றிலும் எடுத்துவிட்டு, அசையசையாக ஒளிரும்படி மாற்றினோம். வியட்நாமிய எழுத்தில் ஒவ்வோர் அசைக்கும் நடுவே இடைவெளி விடுவது வழக்கம். ஆகவே இடைவெளியில் பிரித்தாலே அசைகள் கிடைத்துவிடும். பிற மொழிகளில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் வேலை இங்கே இலவசமாக வந்தது. வரிகளுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் கையால் பிரித்தோம். ஒலியோடு பொருத்தி ஓட்டியபோது அடிப்புள்ளி அசைகள் தாளத்தின் மீது துல்லியமாக ஒளிர்ந்தன. பாடல் எழுதுபவர் அதே பத்தியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். தாம் எங்கே புள்ளி வைத்துக் கட்டியிருக்கிறோம் என்று மற்ற இருவருக்கும் சுட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

எதுகைகளுக்கு நிறம் பூசலாம் என்பது என் யோசனை. குழு ஏற்கவில்லை. காது கண்டுபிடிக்க வேண்டியதைக் கண் முன்கூட்டியே காட்டிவிடக் கூடாது என்பது அவர்கள் கட்சி. அது நியாயம்தான். ஆகவே வரியைத் தொட்டால் மட்டும் இயையும் அசைகள் நிறம் மாறும். தொடாதவருக்குப் பக்கம் வெறும் வரிகளாகவே நிற்கும்.

தீராத ஒன்று

தளம் வெளியாகித் தொல்லையின்றி ஓடுகிறது. ஒரு பாட்டு மட்டும் இன்னும் முழுமையாகச் சரியாகவில்லை. அதில் விருந்தினராகப் பாடியவர் சைகோன்காரர். தெற்கு வழக்கில் கொக்கித் தொனியும் அலைக்கோட்டுத் தொனியும் ஒன்றாகவே ஒலிக்கும். சொல்லின் இறுதியில் வரும் 'ட்', 'க்' என்ற வல்லொற்றுகளும் பெரும்பாலான உயிர்களுக்குப் பின் ஒன்றாகிவிடும். 'ன்', 'ங்' என்பவையும் அப்படியே. எழுத்தில் வேறு வேறாக நிற்கும் இரண்டு அசைகள் அவர் வாயில் அழகாக இயைகின்றன. எங்கள் நிரலோ எழுத்தை மட்டும் பார்த்து அவற்றை எதுகை இல்லை என்று தள்ளியது. அந்தப் பத்தியின் எதுகைகளை அவரையே கேட்டுக் கையால் குறித்தோம். இப்போது ஒவ்வொரு பத்தியின் தரவிலும் பாடுபவர் வடக்கா தெற்கா என்று ஒரு புலம் சேர்த்திருக்கிறோம். தெற்கு என்றால் அந்த இறுதி மெய்களை ஒன்றாக எண்ணும்படி விதி எழுதி வருகிறோம். எந்தெந்த உயிர்களுக்குப் பின் அந்த விதி செல்லாது என்பதற்கான பட்டியலைச் சைகோன்காரர் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.